நாடும் பேரும்: பாண்டி நாடு முதல் தமிழ்நாடு வரை

 

வெளியூர்களிலிருந்து இந்தச் சந்திப்புக்கு வந்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் மாட்டுத்தாவணியில்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பீர்கள். 1999இல் அங்கே பேருந்து நிலையம் திறந்தார்கள். பின்னால் அதற்கு எம்.ஜி.ஆர். பெயரும் சூட்டினார்கள். கண்டக்டர் என்னவோ இன்றைக்கும் "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி" என்றுதான் கூவுகிறார். தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டுகிற நீளக் கயிறு. அதிலிருந்து மாட்டுச் சந்தைக்கே அந்தப் பேர் ஆகிவிட்டது. (பாவாடை தாவணியோடு முடிச்சுப் போடும் இளைய நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்!) ஆக, அந்த இடத்துக்குப் பலகையில் ஒரு பேர், வாயில் ஒரு பேர்.

ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு உள்ள இந்த நிலைமை நாடுகளுக்கும் உண்டு என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதிலும் குறிப்பாக, நாம் பிறந்து வளர்ந்த இந்த மண்ணுக்கு எத்தனை பேர் வைத்தார்கள், யார் வைத்தார்கள், கடைசியில் நம் வாயில் இருந்த பேரைப் பலகையில் ஏற்ற என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இந்நாள் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த விலையைக் கொடுத்த மனிதரின் உயிர் பிரிந்தது நம் மதுரையில்தான்.

நாடா, சீமையா?

முதலில் 'நாடு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "ஐயாவுக்கு எந்த நாடு?" என்று கேட்டுப் பாருங்கள். "இந்தியா" என்று சொல்ல மாட்டார். "வெள்ளலூர் நாடு" என்பார், "சிறுகுடி நாடு" என்பார், "மேலநாடு" என்பார். சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அதற்கென்று கோயில் உண்டு, மரியாதை உண்டு, அம்பலகாரர்கள் உண்டு, நாட்டுக்கூட்டம் உண்டு. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிலும் இதே கணக்குத்தான். ஊர்கள் சேர்ந்தால் நாடு, நாடுகள் சேர்ந்தால் வளநாடு, அதற்கும் மேலே மண்டலம். ஒரே நேரத்தில் ஒருவர் வெள்ளலூர் நாட்டிலும் பாண்டி நாட்டிலும் குடியிருக்கலாம். அதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

'சீமை' என்ற சொல்லின் கதை இதைவிடச் சுவாரசியம். எல்லை என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது அது. சிவகங்கைச் சீமை, ராமநாதபுரம் சீமை என்று நம் ஆட்கள் சொந்த மண்ணைச் சொன்ன சொல். அதே சொல் வெள்ளைக்காரன் வந்த பிறகு இங்கிலாந்தைக் குறிக்க ஆரம்பித்தது. சீமைக்குப் போய்ப் படித்தவர், சீமைத்துரை, சீமைச்சாராயம், சீமை ஓடு, சீமையெண்ணெய்! மானாமதுரை, பரமக்குடி பக்கம் ரயிலில் போனால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறதே சீமைக்கருவேலம், அது வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து. வெளியிலிருந்து வந்தது எதுவானாலும் 'சீமை' என்று ஒட்டிவிடுவது வழக்கமாகிப் போயிற்று. சொந்த நாட்டைக் குறித்த சொல்லே அந்நிய நாட்டையும் குறிக்கிற இந்த விந்தையை எந்த மொழியியல் பேராசிரியராவது தனியாக எழுதினால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

வந்தவன் வைத்த பேர்

பாண்டியர் பேர் மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் தன் பாறைக் கட்டளையில் தன் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று வரிசைப்படுத்துகிறான். கிரேக்கரும் ரோமரும் பாண்டியனைப் 'பாண்டியோன்' ஆக்கினார்கள். தாலமி என்ற நூலாசிரியர் அவன் தலைநகரை 'மொதூரா' என்று எழுதினார். ஊர்க்காரர்கள் அப்போது என்ன சொன்னார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. அழகர்மலைக் குகையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டில் ஒரு பொற்கொல்லன் தன்னை 'மதிரை'க்காரன் என்று பொறித்திருக்கிறான். ஆமாம், மதிரை! அந்த எழுத்து ஏதோ கொத்தனின் கைப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பராந்தக சோழன் இந்த ஊரைப் பிடித்தபோதும் 'மதிரை கொண்ட' என்றுதான் தன் பட்டத்தைப் போட்டுக்கொண்டான்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பிடித்த நாட்டுக்குப் பேர் மாற்றுகிற வேலையை ஐரோப்பியன் வந்துதான் தொடங்கினான் என்பது சரியல்ல. ராசராச சோழன் பாண்டி நாட்டை வென்றபின் அதற்கு 'ராசராசப் பாண்டி நாடு' என்று தன் பேரைச் சூட்டினான். ஈழத்தைப் பிடித்து 'மும்முடிச் சோழமண்டலம்' ஆக்கினான். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள தொண்டை மண்டலம் 'செயங்கொண்ட சோழமண்டலம்' ஆனது. கல்வெட்டிலும் ஓலையிலும் அந்தப் பேர்கள் ஓடின. சோழ ஆட்சி போனதும் மதுரையைச் சுற்றி அந்தப் பேரும் போயிற்று. பாண்டி நாடு பாண்டி நாடாகவே நின்றது. நம் பெருமைக்குரிய மன்னர்கள் செய்தாலும் இது இதுதான்.

கடல் வழியே வந்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு நாட்டின் உள்பகுதி தெரியாது, கரைதான் தெரியும். அராபிய வணிகர்கள் நம் கிழக்குக் கரைக்கு 'மாபார்' என்று பேர் வைத்தார்கள். கடக்கும் இடம், துறை என்று அதற்குப் பொருள். 1290களில் வந்த மார்க்கோ போலோ நம்மை மாபார் என்றுதான் குறிக்கிறார். சீனத்து யுவான் அரசின் ஏடுகளிலும் அதே 'மாபார்' சீன ஒலியில் பதிந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பாண்டிய மன்னனின் தூதர்கள் சீன அரண்மனைக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் நாட்டின் பேராக எழுதப்படுவது அராபியர் சொல்! 1330களில் மதுரையில் தனியரசு கண்ட சுல்தான்களின் ஆட்சியை வரலாற்றாசிரியர்கள் மாபார் சுல்தானகம் என்றே அழைக்கிறார்கள். இந்தப் பேர் நமக்கு இருந்தது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஏனென்றால் நம்ம பாட்டன்மார் யாரும் அதை ஒரு தடவைகூட வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1498இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார்கள். மேற்குக் கரைக்கு மலபார் என்ற பேரை அராபியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அத்தோடு விட்டார்களா? அங்கிருந்து கிழக்கே வந்து நம்மையும் மலபார்க்காரர் ஆக்கினார்கள். தமிழ் எழுத்தில் 1578இல் கொல்லத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்க'த்தின் முகப்பில் மொழியின் பேர் 'மலவார் தமுள்' என்று போட்டிருக்கிறது. தரங்கம்பாடிப் பாதிரியார் சீகன்பால்குகூடத் தமிழர் தெய்வங்களைப் பற்றி எழுதிய நூலுக்கு மலபார்த் தெய்வங்கள் என்றே தலைப்பிட்டார்.

இதில் மதுரைக்கு நேரடியான ஒரு தொடர்பு உண்டு. கண்டியை ஆண்ட கடைசி அரசர்கள் மதுரை நாயக்கர் வழி உறவுக்காரர்கள். 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அவன் உறவினரும் இனி ஆட்சி உரிமை கோரக்கூடாது என்று விதித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அதில் கொடுத்த பேர் என்ன தெரியுமா? 'மலபார் இனம்'! மதுரைச் சீமையிலிருந்து போன வடுகர் வழியினர், தமிழ் பேசியவர்கள், மலையாளக் கரைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள், ஒரு காகிதத்தில் மலபார்க்காரர்களாகி அரசை இழந்தார்கள். அரசர் வேலூர்க் கோட்டைக்குக் கைதியாக வந்து 1832இல் அங்கேயே இறந்தார்.

கிழக்குக் கரைக்கு வைத்த பேர் 'கோரமண்டல்'. சோழமண்டலம் என்பதன் திரிபு என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். சோழ அரசு 1279ஓடு முடிந்துபோன பிறகு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்தவர்கள் அந்தச் செத்துப்போன அரசின் பேரைக் கரைக்கு வைத்துவிட்டார்கள். அது எங்கெல்லாம் போயிற்று பாருங்கள். கோரமண்டல் என்று பேர் வைத்த ஓர் ஆங்கிலக் கப்பல் 1820இல் நியூசிலாந்துக்குப் போக, அங்கே ஒரு தீபகற்பத்துக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ராசேந்திரன் கப்பற்படைகூட அவ்வளவு தூரம் போனதில்லை.

'கர்நாடகம்' வந்த வழி இன்னும் வேடிக்கை. விசயநகர அரசுக்குக் கர்நாடக அரசு என்று ஒரு பேர் உண்டு. அவர்கள் தலைநகரைத் தெற்கே மாற்ற மாற்ற, அந்தப் பேரும் மலையிறங்கித் தமிழ்ச் சமவெளிக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் வந்தபோது ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதி 'கர்நாடிக்' ஆகியிருந்தது. தமிழ் மண்ணில், தமிழர் செத்து விழுந்த போர்களை நாம் இன்னமும் 'கர்நாடகப் போர்கள்' என்று பரீட்சையில் எழுதிக்கொண்டிருக்கிறோம். மதுரையை ஆண்டு, 1764இல் மதுரையிலேயே தூக்கிலிடப்பட்ட கான்சாகிப் யூசுப்கான், அந்தக் கர்நாடிக் நவாபையும் கும்பினியையும் எதிர்த்ததற்காகத்தான் உயிரை விட்டார். கன்னடம் பேசும் மாநிலமோ மைசூர் என்ற பேரிலேயே இருந்து, 1973 நவம்பர் 1ஆம் தேதிதான் கர்நாடகம் ஆயிற்று.

ஈழம் என்ற சிலோன்

அடுத்த வீட்டையும் ஒரு நடை பார்த்துவிடலாம். திருப்பரங்குன்றம் மலைக் குகையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்றில் 'ஈழ' என்ற சொல் வருகிறது. எருக்காட்டூரைச் சேர்ந்த ஓர் ஈழக் குடும்பிகன் அங்கே துறவிகளுக்குச் செய்த கொடையைச் சொல்வது அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவு மதுரைக்காரர்களுக்கு ஈழம். அசோகன் அதைத் 'தம்பபன்னி' என்றான். நம்ம தாமிரபரணி ஆற்றின் பேரும் அதுதான். கிரேக்கர் அதையே 'தப்ரபனே' என்றார்கள். அராபியர் 'செரெந்திப்' என்றார்கள். 1505இல் போர்த்துக்கீசியர் வந்து 'செய்லான்' என்றார்கள், டச்சுக்காரர் 'செய்லான்' என்பதை இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள், ஆங்கிலேயர் 'சிலோன்' என்று முடித்தார்கள். சீகளம் அல்லது சிங்களம் என்ற சொல்லிலிருந்தே செரெந்திப், சிலோன் இரண்டும் பிறந்தன. ஈழமும் அதே வேர்தானா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை.

1972 மே 22இல் அந்நாடு குடியரசாகி ஸ்ரீலங்கா என்று பேர் சூடியது. நம் தலைமுறைக்காரர்கள் மட்டும் அதற்குப் பிறகும் 'சிலோன் ரேடியோ' கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். 2011இல் அரசு நிறுவனங்களின் பேரிலிருந்தும் சிலோனை எடுக்க முடிவு செய்தார்கள். ஆனால் தேயிலைப் பெட்டியில் மட்டும் கை வைக்கவில்லை. உலகச் சந்தையில் விலை போவது 'சிலோன் டீ' என்ற பேராயிற்றே! வியாபாரி வைத்த பேரை வியாபாரத்துக்காகவே வைத்துக்கொண்டார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு கடையின் பேர் மாகாணத்துக்கு

இனி நம் கதைக்கு வருவோம். 1639 ஆகஸ்டு 22ஆம் தேதியிட்ட சாசனத்தின்படி நாயக்கத் தலைவர் ஒருவரிடமிருந்து கும்பினியார் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் பெற்றார்கள். மதராசபட்டினம் என்ற அந்த மீனவக் குப்பத்தருகே சரக்குக் கிட்டங்கியும் கோட்டையும் கட்டினார்கள். நூற்றைம்பது, நூற்றறுபது ஆண்டுகளில் கஞ்சாம் முதல் திருநெல்வேலி வரை, மேற்கே மலபார், தென் கன்னடம் வரை அவர்கள் கைக்குப் போயிற்று. அத்தனைக்கும் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பேர். தமிழன், தெலுங்கன், மலையாளி, கன்னடியன், ஒரியாக்காரன் எல்லாரும் ஒரு கிட்டங்கியின் பேருக்குள் அடங்கினார்கள். வடக்கே போனால் நம் எல்லாருக்கும் 'மதராசி' என்று பேர் வந்தது இதனால்தான். ஆப்பிரிக்காவிலும் அவர்கள் செய்தது இதுதான். தங்கம் வாங்கின கரை 'தங்கக் கரை', தந்தம் வாங்கின கரை 'தந்தக் கரை'. என்ன கிடைக்கும், எங்கே கடை போட்டோம் என்பதே வியாபாரிக்கு நாட்டின் பேர்.

நம் ஊரும் இந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் 'மதுரா' ஆயிற்று. வடக்கே கண்ணன் பிறந்த மதுராவை அவர்கள் 'முத்ரா' என்று எழுதினார்கள். அங்கே இருந்த உச்சரிப்பை இங்கே கொண்டுவந்து, அங்கே புதுசாக ஒன்று செய்தார்கள்! மதுரா கோட்ஸ் ஆலையின் பேரில் அந்தப் பழைய 'மதுரா' இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தது. அடுத்து மொழிவழி மாநிலங்கள் வரப்போகின்றன, தமிழ் பேசும் பகுதி மட்டுமே மிச்சமாகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. கேரளத்துக்குக் கேரளம் என்று பேர், ஆந்திரத்துக்கு ஆந்திரம் என்று பேர். நமக்கு? சென்னை ராஜ்யம். ஒரு பட்டணத்தின் பேர்.

சங்கரலிங்கனார்

விருதுநகர் சங்கரலிங்கனார் 1895இல் பிறந்தவர். பழுத்த காந்தியவாதி, காங்கிரஸ்காரர், கதர்த் தொண்டர். 1956 ஜூலை 27ஆம் தேதி அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். பன்னிரண்டு கோரிக்கைகள் வைத்தார். நாடெங்கும் மதுவிலக்கு, அரசு ஊழியர் கதர் உடுத்துதல் போன்றவற்றோடு, மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பேர் வைக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்த ஒன்றுதான் அவர் பேரோடு நிலைத்தது. விருதுநகர் தேசபந்து மைதானத்தில் ஓலைக் கொட்டகையில் அவர் படுத்திருந்தார்.

முதலமைச்சர் காமராசரும் அதே விருதுநகர்க்காரர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அரசு இணங்கவில்லை. மேலிடத்து அனுமதி, அரசியல் சட்டத் திருத்தம், உலகத்தில் மெட்ராஸ் என்ற பேருக்குள்ள செல்வாக்கு என்று பல காரணங்கள் அன்றைய ஆளும் தரப்பில் பேசப்பட்டன. அண்ணா உட்பட எதிர்க்கட்சித் தலைவர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். உண்ணாவிரதத்தைக் கைவிடும்படி வேண்டிக்கொண்டார்கள். அவர் கேட்கவில்லை. நாள் ஐம்பது ஆயிற்று, அறுபது ஆயிற்று, எழுபது ஆயிற்று. உடல் மிக மோசமான நிலையில் மதுரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அக்டோபர் 13ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 61. வாழ்நாள் காங்கிரஸ்காரரான அவர் தம் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார், அப்படியே ஒப்படைத்தார்கள்.

அவர் இறந்த ஆஸ்பத்திரியின் பேரையும் சொல்லிவிடுகிறேன். இன்று அது ராஜாஜி அரசு மருத்துவமனை. நம்ம மக்களுக்கு எப்போதும் பெரியாஸ்பத்திரி. அன்றைக்குப் பலகையில் இருந்ததோ 'எர்ஸ்கின் ஆஸ்பத்திரி'. மெட்ராஸ் மாகாணத்தின் ஆங்கிலேய கவர்னராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பேர்! சுதந்திரம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் நம் பலகைகள் இருந்த லட்சணத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அவர் இறந்து 19ஆம் நாள், 1956 நவம்பர் 1, மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. மலபார் கேரளத்துக்குப் போயிற்று, தென் கன்னடம் மைசூருக்குப் போயிற்று, கன்னியாகுமரி நம்மிடம் வந்தது. தமிழர் மட்டுமே வாழும் மாநிலம் என்று சொல்லத்தக்க ஒன்று வரைபடத்தில் வந்துவிட்டது. அதன் பேர் மெட்ராஸ்.

"பேர்ல என்னங்க இருக்கு? சோறா போடும்?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொன்னது டெல்லி மேல்சபையில். 1961இல் அங்கே பேர் மாற்ற மசோதாவைக் கொண்டுவந்தவர் தமிழரே அல்ல. வங்காளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பூபேஷ் குப்தா. 1963இல் அதை ஆதரித்துப் பேசிய அண்ணாவிடம், பேர் மாற்றி என்ன லாபம் என்று குறுக்கே கேட்டார்கள். பார்லிமெண்டின் சபைகளை லோக்சபா என்றும் ராஜ்யசபா என்றும், பிரசிடெண்டை ராஷ்டிரபதி என்றும் மாற்றினீர்களே, உங்களுக்கு என்ன லாபம் கிடைத்ததோ அதேதான் என்ற கருத்தில் அவர் பதில் கொடுத்தார். மசோதா தோற்றது.

இதற்கிடையில், 1961இல் சென்னை அரசு ஒரு நடுவழி கண்டுபிடித்தது. தமிழில் எழுதும்போது 'தமிழ்நாடு', ஆங்கிலத்தில் எழுதும்போது பழையபடி 'மெட்ராஸ்'. வீட்டுக்குள்ளே ஒரு பேர், வெளியே ஒரு பேர்! மாட்டுத்தாவணிக் கணக்குத்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டு விஷயத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். அங்கே இரண்டு பேரும் நாம் வைத்ததே. ஒரு மக்கள் கூட்டம் தன்னை அழைக்கிற பேர் தன் சட்டப் புத்தகத்தில் செல்லாது என்றால் அது வேறு கதை.

1967 தேர்தலில் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு ஜூலை 18ஆம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் அண்ணா கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் மறுத்த காங்கிரசும் சேர்ந்தே ஆதரித்தது; அதற்குரிய நன்றியை நாம் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். 1968இல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. டிசம்பர் 1ஆம் தேதி சென்னையில் நடந்த விழாவுக்கு, நோய் முற்றிய நிலையிலும் டாக்டர்கள் பேச்சைத் தட்டிவிட்டு அண்ணா வந்தார். 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் 'தமிழ்நாடு' சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. இருபது நாள் கழித்து, பிப்ரவரி 3ஆம் தேதி, அண்ணா மறைந்தார்.

தமிழ்நாடு நாள் எது என்பதில்கூட நமக்குள் இழுபறி உண்டு. எல்லை பிறந்த நவம்பர் 1 என்று 2019இல் கொண்டாடினார்கள். பேர் பிறந்த ஜூலை 18 என்று 2021இல் அரசு அறிவித்தது. 2023 ஜனவரியில் ஆளுநர் ஒரு நிகழ்ச்சியில் 'தமிழகம்' என்பதே பொருத்தமான சொல் என்று பேசப் போக, மாநிலமெங்கும் எழுந்த சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழகம் என்பது சங்க இலக்கியத்திலேயே உள்ள அருமையான சொல்தான். நாமும் தினம் சொல்கிறோம். அப்புறம் ஏன் அவ்வளவு கோபம் என்று என்னிடம் கேட்ட இளைஞர் ஒருவருக்கு நான் சொன்னது, மேலே எழுதிய சங்கரலிங்கனார் கதையைத்தான்.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று கேட்கலாம். தங்கக் கரை 1957இல் விடுதலை பெற்றதும் கானா ஆனது. அந்தப் பழைய கானாப் பேரரசு இருந்தது இன்றைய கானாவிலே அல்ல, வடமேற்கே வெகு தூரத்தில். பெருமைக்காக எடுத்துக்கொண்டார்கள். தந்தக் கரையோ பேரை மாற்றவே இல்லை; ஆனால் பிரெஞ்சிலேயே சொல்லுங்கள், மொழிபெயர்க்காதீர்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டது. ரோடேசியா 1980இல் சிம்பாப்வே ஆயிற்று. நம்மவர்கள் வட்டித்தொழில் செய்து திரும்பிய பர்மா 1989இல் மியான்மர் ஆனது. அதை மாற்றியது ராணுவ ஆட்சி. மக்களைக் கேட்டுச் செய்ததல்ல என்பதால் அந்த மாற்றத்தை ஏற்காதவர்கள் பலர் உண்டு. பிலிப்பைன்ஸ் மட்டும் ஸ்பெயின் மன்னன் பிலிப்பின் பேரை இன்றும் சுமந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறது.

நம்மிடமும் மிச்சம் இருக்கிறது. பட்டணம் 1996இல் சென்னை ஆயிற்று. ஆனால் மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் சாலையில் உலகநேரிப் பக்கம் போனால், 2004 ஜூலையில் திறந்த உயர் நீதிமன்றக் கிளையைக் காணலாம். தமிழில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஆங்கிலத்தில் மெட்ராஸ் ஹைகோர்ட்டின் மதுரை பெஞ்ச். தாவரம் போல் அந்தப் பேர் நம் ஊர் எல்லையில் இன்னொரு கிளை விட்டிருக்கிறது! சட்டப் பழக்கம் எளிதில் மாறாது; வக்கீல் நண்பர்கள் என்னை மன்னிக்கவும்.

சங்கரலிங்கனாருக்கு விருதுநகரில் அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. இந்நாள் மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மதுரையிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கும் வரை நம் ஊர்க் கல்லூரிகள் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1978இல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆக, நமக்குள்ளேயே மூன்று தலைமுறையிடம் மூன்று பேர் போட்ட பட்டங்கள் இருக்கின்றன. அவற்றோடு, பரணில் கிடக்கும் 'சென்னை ராஜதானி, மதுரை ஜில்லா' என்று எழுதிய பழைய பத்திரங்கள், தபால் அட்டைகள், ரங்கூன், சிலோன் கடிதங்கள் இருந்தால் அவற்றின் நகலையும் நம் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். மூலத்தைக் கொடுக்க வேண்டாம்; நகல் போதும். வரலாற்றுத் துறை மாணவர்கள் அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த சந்திப்பின்போது கல்லூரி முன்கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைக்கலாம்.